டேட்டாபேஸுக்குள்ளிருந்து ஓஎஸ் கமாண்ட்: எந்த மெஷினில், யார் பெயரில், எப்போது?

கேள்வி இதுதான். ஆரக்கிளில் ஓடும் ஒரு அப்ளிகேஷன். ஒரு டேபிளில் ஒரு வரிசையின் நிலை 'தயார்' என்று மாறியதும் சர்வரில் இருக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் ஒரு கோப்பை உருவாக்கி இன்னொரு சர்வருக்கு அனுப்பும். எஸ்க்யூஎல் பிளஸில் ஹோஸ்ட் என்று எழுதி ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் ஓடுகிறது. அதே வரியை பிஎல்/எஸ்க்யூஎல் டிரிகருக்குள் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் புரோகிராமுக்குள்) போட்டால் கம்பைலே ஆகவில்லை. ஏன்? வேறு எப்படிச் செய்வது? போஸ்ட்கிரஸுக்கோ எஸ்க்யூஎல் சர்வருக்கோ மாறினால் இது சுலபமாகுமா?

கம்பைல் ஆகாததற்குக் காரணம் சின்னது. ஹோஸ்ட் என்பது எஸ்க்யூஎல் பிளஸ் என்ற கருவியின் கட்டளை. டேட்டாபேஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் ஹோஸ்ட் என்று தட்டியதும் எஸ்க்யூஎல் பிளஸ் அதைச் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. தான் எந்த மெஷினில் ஓடுகிறதோ அங்கேயே ஒரு ஷெல்லைத் திறந்து ஓட்டிவிடுகிறது. நீங்கள் சர்வரில் லாகின் செய்து எஸ்க்யூஎல் பிளஸைத் திறந்திருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. உங்கள் லேப்டாப்பிலிருந்து அதே சர்வருக்கு இணைந்து அதே வரியைக் கொடுத்துப் பாருங்கள், அப்படி ஒரு ஸ்கிரிப்டே இல்லை என்று பதில் வரும். பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடும் ஆச்சரியக்குறியும் போடுவது, மைஎஸ்க்யூஎல் கிளையண்டில் சிஸ்டம் என்று எழுதுவது, எஸ்க்யூஎல்லைட் ஷெல்லில் .ஷெல் என்று எழுதுவது எல்லாமே இந்த ரகம்தான். எல்லாம் கிளையண்ட் பக்கத்து வசதி.

ஆகவே 'எந்தக் கட்டளை' என்று தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். கமாண்ட் எந்த மெஷினில் ஓட வேண்டும், எந்த ஓஎஸ் யூசராக ஓட வேண்டும், டிரான்சாக்‌ஷனின் எந்தக் கட்டத்தில் (மாற்றத்தை நிலையாக்கும் கமிட்டுக்கு முன்னாலா, பின்னாலா) ஓட வேண்டும். முதல் இரண்டும் மேனுவலில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. ரன் என்றோ வெறும் ஆச்சரியக்குறியோ போட்டு டாஸ் கமாண்டை எழுதினால் முடிந்தது. புரோகிராம், டேட்டா, உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் ஒரே மெஷின். 640 கேபி நினைவகத்தில் இன்னொரு புரோகிராமுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கவலை. ஆரக்கிள் ஃபார்ம்ஸிலும் கிளையண்ட்-சர்வர் நாட்களில் ஹோஸ்ட் என்பது பயனரின் பிசியில் ஓடியது. ஃபார்ம்ஸ் வெப்புக்கு மாறியபோது அதே வரி, ஒரு எழுத்தும் மாறாமல், அப்ளிகேஷன் சர்வரில் ஓட ஆரம்பித்தது. நோட்பேடைத் திறக்கும் பட்டனை அழுத்தினால் பயனரின் திரையில் ஒன்றும் வராது. யாருமே பார்க்காத ஒரு சர்வரில் நோட்பேட் திறந்து கிடக்கும். அதற்காகத்தான் வெப்யூட்டில் நூலகத்தில் கிளையண்ட்_ஹோஸ்ட் என்று தனியாக ஒன்று கொடுத்தார்கள். அக்ஸஸில் விபிஏயின் ஷெல் ஃபங்ஷன் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: அது புரோகிராமைக் கிளப்பிவிட்டு, முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். காத்திருக்க வேண்டும் என்றால் டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல் ஆப்ஜெக்டின் ரன் மெத்தடில் மூன்றாவது ஆர்க்யூமெண்டை ட்ரூ என்று கொடுக்க வேண்டும்.

சரி, ஆரக்கிளுக்கு வருவோம். சர்வர் பக்கத்தில் முறையான வழி டிபிஎம்எஸ்_ஷெட்யூலர், 'ஜாப்' எனும் வேலைகளைப் பதிவுசெய்து ஓட்டும் ஆரக்கிளின் தொகுப்பு. 10ஜி-யில் வந்தது. ஜாப் வகையை எக்ஸிக்யூட்டபிள் என்று கொடுத்து, ஜாப் ஆக்‌ஷனில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை எழுத வேண்டும். கிரியேட் எக்ஸ்டர்னல் ஜாப் என்ற பிரிவிலெஜ் தேவை. முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஜாப் ஆக்‌ஷனில் பாதையோடு ஆர்க்யூமெண்டையும் சேர்த்து எழுதக்கூடாது; ஆர்க்யூமெண்டுகளின் எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லி, ஜாபை முடக்கிய நிலையில் உருவாக்கி, ஒவ்வொன்றின் மதிப்பையும் வைத்த பிறகுதான் எனேபிள் செய்ய வேண்டும். இடையில் ஷெல் கிடையாது என்பதால் பைப், நட்சத்திரக்குறி, வெளியீட்டைத் திருப்பிவிடும் அம்புக்குறி எதுவும் வேலை செய்யாது. அவையெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் இருக்கட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். பாத், ஆரக்கிள்_ஹோம் போன்ற சூழல் மாறிகள் உங்கள் லாகினில் இருப்பதுபோல அங்கே இருக்கும் என்று நம்பவே கூடாது. எல்லாவற்றையும் ஸ்கிரிப்டிலேயே வையுங்கள், ஒவ்வொரு கமாண்டுக்கும் முழுப் பாதை கொடுங்கள். 'கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஜாபாக ஓட்டினால் ஓடவில்லை' என்ற புகாரில் பெரும்பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி பெர்மிஷன். யுனிக்ஸில் கிரெடென்ஷியல் (ஓஎஸ் யூசர் பெயரும் பாஸ்வேர்டும்) எதுவும் கொடுக்காவிட்டால் இந்த வெளி ஜாப் ஆரக்கிள் யூசராக ஓடாது. நோபடி என்ற அதிகாரமற்ற யூசராக ஓடும். அதைத் தீர்மானிப்பது ஆரக்கிள் ஹோமுக்குள் ஆர்டிபிஎம்எஸ்/அட்மின் டைரக்டரியில் இருக்கும் எக்ஸ்டர்னல்ஜாப்.ஓஆர்ஏ என்ற கோப்பு. அதன் உரிமையாளர் ரூட். சிலர் அங்கே ரன்_யூசர் என்ற இடத்தில் ஆரக்கிள் என்று மாற்றிவிட்டு 'வேலை முடிந்தது' என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வெளி ஜாப் உருவாக்கும் உரிமை உள்ள ஒவ்வொரு டேட்டாபேஸ் யூசருக்கும் டேட்டா கோப்புகளையே அழிக்கும் சக்தியைக் கொடுத்ததாக ஆகிவிடும். 11ஜி-யிலிருந்து கிரெடென்ஷியல் வசதி இருக்கிறது. கோப்பு அனுப்புவதற்கென்றே அதிகாரம் குறைந்த ஒரு ஓஎஸ் யூசரை உருவாக்கி, அந்தப் பெயரில் ஓட வையுங்கள். விண்டோஸ் என்றால் ஆரக்கிள்ஜாப்ஷெட்யூலர் என்று தொடங்கும் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜாவா ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்து ஓட்டும் ஜாவா நிரல்) இன்னொரு வழி. 8ஐ காலத்திலிருந்து இருக்கிறது. ரன்டைம்.எக்ஸெக் கூப்பிட்டால் போதும், ஆனால் எந்தக் கோப்பை இயக்கலாம் என்று டிபிஎம்எஸ்_ஜாவா மூலம் துல்லியமாக அனுமதி தர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் 'எல்லாக் கோப்புக்கும் அனுமதி' என்று போட்டிருப்பார்கள், அப்படியே ஒட்டாதீர்கள். இதில் புதிர் மாதிரி வரும் ஒரு கோளாறு உண்டு. ஸ்கிரிப்ட் சின்னக் கோப்புக்கு நன்றாக ஓடும், பெரிய கோப்புக்குத் தொங்கிவிடும். எரர் இருக்காது, சிபியு ஓடாது, சும்மா நிற்கும். காரணம், ஸ்கிரிப்ட் எழுதும் வெளியீடு ஒரு பைப் வழியாக ஜாவாவுக்கு வருகிறது. லினக்ஸில் அந்தப் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கேபி. ஜாவா பக்கம் அதைப் படிக்காமல் 'முடியட்டும்' என்று காத்திருந்தால், 64 கேபி நிறைந்ததும் ஸ்கிரிப்டால் அடுத்த எழுத்தை எழுத முடியாது. அது படிக்கப்படுவதற்காகக் காத்திருக்கும், ஜாவா அது முடிவதற்காகக் காத்திருக்கும். சாதாரண வெளியீட்டை மட்டும் படித்துவிட்டு எரர் வெளியீட்டை விட்டாலும் இதே கதைதான். இரண்டையும் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ஸ்கிரிப்டிலேயே ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும்.

எக்ஸ்டர்னல் டேபிளின் (வெளிக் கோப்பை டேபிள்போலப் படிப்பது) பிரீபிராசஸர் வசதியையும் சிலர் இதற்குப் பயன்படுத்துவார்கள். ஜிப் கோப்பை விரித்துப் படிப்பதற்காக வந்தது. செலக்ட் போடும்போதெல்லாம் ஒரு புரோகிராம் ஓடும். டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒரு செலக்டில் பார்ப்பதற்கு அருமையான உத்தி. கோப்பு அனுப்புவதற்கு வேண்டாம். செலக்ட் போட்டால் கோப்பு போகும் என்று அடுத்து வருபவர் எப்படி ஊகிப்பார்?

மற்ற டேட்டாபேஸ்களுக்கு மாறினால் சுலபமா என்றால், எழுதுவது சுலபம். எஸ்க்யூஎல் சர்வரில் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் இருக்கிறது, ஒரே வரி. வெளியீடு வரிசைகளாகத் திரும்பி வரும். ஆனால் 2005 பதிப்பிலிருந்து அது இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2002 மே மாதம் பரவிய ஸ்பைடா என்ற புழு, எஸ்ஏ என்ற தலைமை நிர்வாகி கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காத சர்வர்களைத் தேடிப் போய், உள்ளே நுழைந்ததும் இந்த எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லைத்தான் பிடித்துக்கொண்டது. அதை ஓட்டுபவர் சிஸ்அட்மின் (முழு அதிகாரம் உள்ளவர்) என்றால் கமாண்ட் எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸின் கணக்கில் ஓடும். மற்றவர்களுக்குத் தனியாக ஒரு பிராக்ஸி கணக்கு அமைக்க வேண்டும். நீங்கள் லாகின் செய்தபோது இணைத்த இசட் டிரைவ் சர்வீஸ் கணக்குக்குத் தெரியாது, முழு நெட்வொர்க் பாதையைக் கொடுக்க வேண்டும். கமாண்ட் முடியும்வரை செஷன் காத்திருக்கும் என்பதால், பதில் கேட்டு நிற்கும் எந்தப் புரோகிராமையும் அதில் ஓட்டினால் அது முடியவே முடியாது. நேர அட்டவணைப்படி ஓடினால் போதும் என்ற வேலைக்கு எஸ்க்யூஎல் ஏஜெண்டின் சிஎம்டிஎக்ஸெக் ஸ்டெப் இதைவிட நல்லது.

போஸ்ட்கிரஸில் 9.3-இலிருந்து காப்பி ஃப்ரம் புரோகிராம் இருக்கிறது. கமாண்டின் வெளியீடு நேராக ஒரு டேபிளில் வந்து விழும். கமாண்ட் பூஜ்யம் அல்லாத எக்ஸிட் எண்ணுடன் முடிந்தால் காப்பியே எரர் ஆகும். இது ஷெல் வழியாக, டேட்டாபேஸ் சர்வர் எந்த யூசராக ஓடுகிறதோ அதே யூசராக ஓடும். சூப்பர்யூசராக இருக்க வேண்டும், அல்லது பதிப்பு 11-இல் வந்த பிஜி_எக்ஸிக்யூட்_சர்வர்_புரோகிராம் என்ற ரோல் வேண்டும். 2019-இல் இதைப் பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி ஒரு சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) எண்ணே வாங்கினார்கள். போஸ்ட்கிரஸ் குழு அதை ஏற்கவில்லை: சூப்பர்யூசருக்கும் சர்வரை ஓட்டும் ஓஎஸ் யூசருக்கும் நடுவில் சுவர் எதுவும் இருப்பதாக நாங்கள் சொன்னதே இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரி என்பதுதான் என் கருத்தும். அதனாலேயே, ஒரு அப்ளிகேஷன் சூப்பர்யூசராக இணைகிறது என்று கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மைஎஸ்க்யூஎல் சர்வரில் இப்படி ஒன்று உள்ளமைந்து வரவில்லை; யூடிஎஃப் (வெளியில் எழுதிய ஃபங்ஷன்) ஏற்றித்தான் செய்ய வேண்டும், அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ஒரு பொது ஆபத்து. கமாண்டை ஒரு சரமாக ஒட்டி உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: ஜிஜிப் என்ற சொல், ஒரு இடைவெளி, பிறகு டேபிளிலிருந்து வரும் கோப்புப் பெயர். பெயர் 'மார்ச்.டிஎக்ஸ்டி' என்று இருக்கும்வரை எல்லாம் நலம். யாரோ ஒருவர் பெயர்ப் பெட்டியில் 'மார்ச்.டிஎக்ஸ்டி; ஆர்எம் -ஆர்எஃப் *' என்று எழுதிச் சேமித்தால்? ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்பது அடுத்த கமாண்டின் ஆரம்பம். முதலில் கோப்பைச் சுருக்கும், அப்புறம் டைரக்டரியையே துடைக்கும். கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் இதைச் செய்துவிடலாம். பெயரில் ஒரு இடைவெளியோ ஒற்றை மேற்கோள்குறியோ இருந்தாலே கமாண்ட் உடைந்துபோகும், பெயர் சிறுகோட்டில் (-) தொடங்கினால் அது ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளப்படும். போஸ்ட்கிரஸின் கோட்_லிட்டரல் இதற்கு உதவாது. அது எஸ்க்யூஎல்லுக்கான மேற்கோள், ஷெல்லுக்கானது இல்லை. என் வழி எளிது: ஸ்கிரிப்டுக்கு வரிசையின் எண்ணை மட்டும் கொடுப்பேன். எண்தானா என்று ஸ்கிரிப்ட் முதல் வேலையாகச் சரிபார்க்கும், பெயரையும் மற்றதையும் அதுவே டேட்டாபேஸில் இணைந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்த மூன்றாவது விஷயம். நீங்கள் டிரிகரிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்ட நினைக்கிறீர்கள். டிரிகர் ஓடும் நேரத்தில் அந்த மாற்றம் இன்னும் கமிட் ஆகவில்லை. கமாண்ட் ஓடி முடிந்த பிறகு பயனர் ரோல்பேக் செய்தால் (மாற்றத்தை ரத்து செய்தால்) டேபிளில் 'தயார்' மறைந்துவிடும், போன கோப்பு போனதுதான். ஆரக்கிளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: இரண்டு செஷன்கள் ஒரே வரிசைக்குப் போட்டியிடும்போது அது ஒரு அப்டேட்டை உள்ளுக்குள் முதலிலிருந்து மறுபடி தொடங்கக்கூடும், அப்போது பிஃபோர் டிரிகர் இரண்டாவது முறை ஓடும். டேட்டாபேஸுக்குள் நடந்தவை எல்லாம் திரும்பப் பெறப்படுவதால் யாருக்கும் தெரியாது. வெளியே போன கோப்பு மட்டும் இரண்டாக நிற்கும்.

இதைவிட அடிக்கடி பார்ப்பது வேறு. டிரிகர் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது. ஸ்கிரிப்ட் தன் சொந்த இணைப்பைத் திறந்து அந்த வரிசையைப் படிக்கிறது. அது வேறு செஷன் என்பதால், கமிட் ஆகாத மாற்றம் அதன் கண்ணில் படாது. நிலை இன்னும் பழையபடியே இருக்கிறது, 'அனுப்ப ஒன்றுமில்லை' என்று நல்ல பிள்ளையாக முடிந்துவிடும். சோதிக்கும்போது கையால் ஓட்டுவதற்குள் கமிட் ஆகியிருக்கும், எனவே ஓடும். நிஜத்தில் ஓடாது. இன்னும் மோசமான நிலை, வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் அதே வரிசையை 'அனுப்பியாயிற்று' என்று அப்டேட் செய்ய முயல்வது. வரிசையின் லாக் (பூட்டு) டிரிகர் ஓட்டிய செஷனிடம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் லாக்குக்குக் காத்திருக்கும். டிரிகர் ஸ்கிரிப்ட் முடியக் காத்திருக்கும். சாதாரண டெட்லாக் என்றால் டேட்டாபேஸ் கண்டுபிடித்து ஒருவரை வெளியே தள்ளும். இங்கே சங்கிலியின் ஒரு கண்ணி ஓஎஸ்ஸில் இருக்கிறது, அது டேட்டாபேஸின் பார்வைக்கு வெளியே. யாராவது வந்து ஒரு பிராசஸைக் கொல்லும்வரை அப்படியே நிற்கும், பின்னால் மற்ற பயனர்கள் வரிசை கட்டுவார்கள்.

ஆகவே உங்கள் வேலைக்கு நான் செய்வது இது. டிரிகர் கமாண்ட் எதையும் ஓட்டாது. ஒரு வேலைப் பட்டியல் டேபிளில் ஒரு வரிசையை இன்செர்ட் செய்யும், அவ்வளவுதான்: வேலை எண், மூல வரிசையின் எண், நிலை, எத்தனை முறை முயன்றது, கடைசி எரர். ரோல்பேக் ஆனால் அந்த வரிசையும் சேர்ந்தே மறையும். டேட்டாபேஸுக்கு வெளியே, அதிகாரம் குறைந்த தன் யூசரில், ஒரு சின்னப் புரோகிராம் சில நொடிகளுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து வேலையை எடுத்துச் செய்யும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் ஓடினால், ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு (வேறொருவர் பூட்டிய வரிசையைத் தாண்டிப் போவது) போட்டு எடுத்தால் ஒரே வேலையை இருவர் எடுக்க மாட்டார்கள். போஸ்ட்கிரஸில் 9.5-இலிருந்து, மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இலிருந்து இதுவே உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் ரீட்பாஸ்ட். போஸ்ட்கிரஸில் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குப் பதிலாக லிசன், நோட்டிஃபை வைத்துக்கொள்ளலாம். நோட்டிஃபை கமிட் ஆன பிறகுதான் போய்ச் சேரும் என்பது இங்கே சரியாகப் பொருந்தும்.

எடுத்ததும் நிலையை 'நடக்கிறது' என்று மாற்றி கமிட் செய்துவிட்டு, அதன் பிறகு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும்; லாக்கைப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பக்கூடாது. நடுவில் மெஷின் நின்றுபோனால் சில வரிசைகள் 'நடக்கிறது' என்றே தங்கிவிடும், குறிப்பிட்ட நேரம் தாண்டியவற்றை மறுபடி எடுக்க வேண்டும். அப்படியானால் சில கோப்புகள் இரண்டு முறை போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். கோப்பின் பெயரில் வேலை எண்ணைச் சேர்த்துவிட்டால் இரண்டாவது முறை அனுப்பியது முதலாவதன் மேலேயே விழும். அனுப்பும்போது தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதாகச் சேர்ந்த பிறகு பெயரை மாற்றினால் எதிர்ப்பக்கம் பாதிக் கோப்பைப் படிக்காது. கிளவுடில் நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் சேவைகளில் பொதுவாக சர்வரின் ஓஎஸ்ஸைத் தொடவே விட மாட்டார்கள். நாளை அங்கே போனாலும் இந்த அமைப்பு அப்படியே ஓடும்.

வெளியே ஒரு புரோகிராமை ஓடவிட அனுமதியே கிடைக்காது, எல்லாம் ஆரக்கிளுக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. டிபிஎம்எஸ்_ஷெட்யூலரின் கிரியேட்_ஜாபை டிரிகரிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. அது உள்ளுக்குள் கமிட் செய்யும், டிரிகருக்குள் கமிட் கூடாது என்று ஓஆர்ஏ-04092 எரர் வரும். அட்டானமஸ் டிரான்சாக்‌ஷன் (தனியே கமிட் ஆகும் ஒன்று) போட்டு இதைத் தாண்டலாம் என்று யாராவது சொல்வார்கள். தாண்டலாம், ஆனால் ரோல்பேக் ஆன வரிசைக்கும் ஜாப் ஓடும், அதாவது பழைய சிக்கலுக்கே திரும்பிவிடுவீர்கள். பழைய டிபிஎம்எஸ்_ஜாப் இந்த விஷயத்தில் மேல்: அதன் சப்மிட் கமிட் செய்யாது, உங்கள் டிரான்சாக்‌ஷன் கமிட் ஆனால்தான் அந்த ஜாப் உயிர்பெறும். 12சி ரிலீஸ் 2-இல் அதை 'இனி பயன்படுத்த வேண்டாம்' பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், 19சி-யில் அது உள்ளே ஷெட்யூலர் ஜாபாகவே மாற்றப்படுகிறது, ஆனாலும் கமிட்டுக்குக் காத்திருக்கும் குணம் போகவில்லை. டிரிகரில் டிபிஎம்எஸ்_ஜாப் மூலம் ஒரு புரொசீஜரைப் பதிவு செய்யுங்கள். அந்தப் புரொசீஜர் வரிசையின் எண்ணை ஒரே ஆர்க்யூமெண்டாக வைத்து எக்ஸிக்யூட்டபிள் ஜாபை உருவாக்கட்டும். ஓடவில்லை என்றால் யூசர்_ஷெட்யூலர்_ஜாப்_ரன்_டீடெய்ல்ஸ் வியூவில் அடிஷனல்_இன்ஃபோ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் எரர் வெளியீட்டில் எழுதியது அங்கே வந்து கிடக்கும், பெரும்பாலும் 'பெர்மிஷன் டினைடு' என்று.